சொர்ணம் கார் கேர்

அண்ணாச்சிக்கு ஒரு கடைப் பலகையைப் பார்த்தால் போதும். முதலாளி எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டில் பெண் எடுத்தவர் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். தூத்துக்குடியில் மூன்றாம் மைலில் இருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரோடு காரில் போனால், வழி நெடுக வாசித்துக்கொண்டே வருவார். சாமி பெயர் வைத்த கடை என்றால் அது எந்த ஊர்ச் சாமி, அந்தக் கோயிலுக்கு வரி கொடுப்பவர்கள் யார் என்று தெரியும். புனிதர் பெயர் என்றால் கடற்கரை ஊர், எபெனேசர் மாதிரி பைபிள் பெயர் என்றால் நாசரேத்து ஊர்ப் பக்கம். அப்பா பெயரை வைத்திருந்தால் அவருக்கு வேலை இன்னும் சுலபம். ஸ்டார், ராயல் என்று பொதுவாக எதையாவது வைத்திருக்கிறவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது.

“எதுக்கு மறைக்கான்? மறைக்கதுக்கு என்னமோ இருக்கு, அதான் மறைக்கான்” என்பார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் முதல் வேலையாக அவர் யார் ஆள் என்று பார்ப்பார்கள். அந்த வேலையை நான் யாருக்கும் செய்துகொடுக்க மாட்டேன். மூன்றாம் மைல் பக்கம் கார் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார், ஐம்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருப்பார், சிரித்தால் கடை முழுக்கக் கேட்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் சார்ஜாவில் எட்டு வருடம் கார் டீடெய்லிங் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். டீடெய்லிங் என்றால் வெறும் கழுவல் இல்லை. சீட்டுக்கு அடியில் கிடக்கிற மணல் முதல் ஏசி ஓட்டையில் அடைந்த தூசி வரைக்கும் எடுப்பது, பெயின்ட்டைப் பாலிஷ் போட்டு மெழுகு பூசுவது என்று ஒரு காருக்கு அரை நாள் ஆகும். தூத்துக்குடியில் இந்தத் தொழிலுக்கு உயிர் உண்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், துறைமுகத்தில் இருந்து நிலக்கரித் தூசி. புதுக் கார் வாங்கி மூன்றாம் வருடம் அடிப்பக்கம் துருப்பிடித்துவிடும். பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கி, அதில் தண்ணீர்த் தொட்டி, பம்பு, சின்ன ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றி, வீட்டு வாசலுக்கே போய்ச் செய்து கொடுக்கலாம் என்று இறங்கினேன். அப்போது வண்டிக்குப் பெயர் கிடையாது. கார்க்காரர்கள் எல்லாரும் எப்படியும் சீட் கவருக்கு வருவார்களே என்று, என் போன் நம்பரைக் கொடுத்து வைக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

நாற்காலி போட்டு, டீ வரவழைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

“எந்த ஊரு தம்பி?”

ஏரல் பக்கத்தில் எங்கள் ஊரையும், சார்ஜாவில் இருந்து வந்ததையும் சொன்னேன்.

“அங்கன யாரு மவன்?”

“டிரைவர் செல்வராஜ் மவன், அண்ணாச்சி.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “மேலத்தெரு செல்வராசா? சொந்தமா லாரி வச்சி ஓட்டுனாரே, பொறவு குடும்பத்தோட பம்பாய் போனாரே, அவரு மவனாலே நீ? அம்மா பேரு சொர்ணம்லா? எங்க அத்தைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்லா அவங்க!”

எங்கள் ஊரில் இரண்டு டிரைவர் செல்வராஜ் உண்டு. ஒருவர் மேலத்தெருவில் லாரி வைத்திருந்தவர். இன்னொருவர் என் அப்பா. ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டரைக் கூலிக்கு ஓட்டினார். கீழத்தெரு. எங்கள் பக்கத்து ஊர்களில் மேலத்தெரு, கீழத்தெரு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் ‘கீழத்தெரு’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பொய் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. “அப்பா தவறிட்டாராக்கும்? ச்ச, நல்ல மனுசன். பம்பாய் ஒத்து வரலையாக்கும், அதான் நீ துபாய்ப் பக்கம் போன. அம்மா ஊருக்கே வந்துட்டாங்களாக்கும்.” நான் உம் கொட்டினேன். அம்மா அப்போது என்னோடு முத்தையாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள்.

மறுநாளில் இருந்து எனக்குப் போன் ஓயவில்லை. டாக்டர் வீடு, வக்கீல் வீடு, உப்பளக்காரர் வீடு என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, “அண்ணாச்சி சொன்னாரு, நம்ம பையன்னு” என்றார்கள். அந்த ‘நம்ம’வில் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். நோகாமல் நுங்கு தின்ன யாருக்குக் கசக்கும்?

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. ஒருமுறை வேலைக்கு நடுவே என் பம்பு எரிந்துவிட்டது. கேள்விப்பட்டுத் தன் கடைப் பம்பை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவருடைய வீட்டம்மா கையால் கறிச்சோறு போடவைத்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எனக்கு அந்த வீட்டு வாசற்படியிலேயே பயம்.

இன்னொரு நாள் நாங்கள் அவருடைய காரில் போகும்போது, எட்டயபுரம் ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன் லாரி உரசி விழுந்து கிடந்தான். அண்ணாச்சிதான் வண்டியை நிறுத்தினார். அன்றைக்குத்தான் போட்டிருந்த புதுச் சீட் கவர் ரத்தமாகிவிடுமே என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் அவனைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார். அவன் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முன்னால் இருந்து திரும்பிப் பார்த்து அண்ணாச்சி கேட்கிறார்: “எந்த ஊருய்யா நீ? அப்பா பேரு என்ன?” அவன் முனகிக்கொண்டே சொன்னான். “ஓ” என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பெரியாஸ்பத்திரியில் அவனுக்கு ரத்தம் வேண்டும் என்றபோது முதலில் கையை நீட்டியவரும் அவர்தான்.

திரும்பி வரும்போது கேட்டேன். “உயிர் போற நேரத்துல அது எதுக்கு அண்ணாச்சி?”

“தெரிஞ்சிக்கிட்டா ஒரு நிம்மதில்லா. மத்தபடி நான் யாரயாவது பிரிச்சிப் பாத்திருக்கனா, சொல்லு?” என்றார்.

ரத்தம் கொடுத்த மனிதரிடம் நியாயம் பேச முடியுமா? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறவரைத் திட்டலாம். இவருக்குத் தன் கையில் ஊசி இருப்பதே தெரியாது.

ஆறேழு மாதம் ஆனதும் வண்டிக்குப் பெயர் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள் ‘என்ன வண்டி’ என்று வாசலிலேயே மறித்தார்கள். போனில் என் நம்பரை ‘கார் கழுவுற தம்பி’ என்று பதிந்து வைத்திருந்தார்கள். ஒரு நோட்டில் பெயர்களாக எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பளபளப்பு என்று வருகிற சொல் எல்லாவற்றையும் ஊரில் யாராவது ஏற்கெனவே வைத்திருந்தார்கள். எழுதி எழுதி அடித்துவிட்டு, கடைசியில் எழுதியதை மட்டும் அடிக்கவில்லை. முத்துப்பேச்சி கார் டீடெய்லிங். முத்துப்பேச்சி என் அம்மா.

இது பாசத்துக்காக வைக்க நினைத்த பெயர் இல்லை. தொழிலில் பாதி அவள்தான். கார் துடைக்கிற துணி ஒரு நாளைக்கு நாற்பது ஆகும். கண்ணாடிக்கு ஒரு வகை, பெயின்ட்டுக்கு ஒரு வகை, சக்கரத்துக்கு ஒரு வகை. சக்கரம் துடைத்த துணியில் ஒரு மணல் ஒட்டியிருந்து அது பெயின்ட் துணியோடு கலந்தால் போதும், லட்சக்கணக்கான ரூபாய்க் காரில் கோடு விழுந்துவிடும். சார்ஜாவில் இதற்கே ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார்கள். அம்மா ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். மூன்று வாளி, மூன்று கொடி. ஒவ்வொரு துணியையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, விரலால் தடவித்தான் மடிப்பாள். என் கையில் ஒரு காரிலும் கோடு விழுந்ததில்லை. அது என் திறமை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பெயர் வைக்கப் போகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. சொல்லாமலும் இருக்க முடியாது. அந்த ரோட்டில் பாதிக் கடைகளுக்கு அவர்தான் பெயர் வைத்துக் கொடுத்தவர். “என்ன பேருலே?” என்றார். “யோசிக்கேன் அண்ணாச்சி” என்று மழுப்பினேன். சீட் கவர் மாற்றித் தருகிறேன், வண்டியை விட்டுவிட்டுப் போ என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், வேனின் இரண்டு பக்கமும் சிவப்பும் தங்க நிறமுமாக ஸ்டிக்கர். ‘சொர்ணம் கார் கேர்.’ கீழே சின்னதாக, ‘வீடு தேடி வரும்.’

“உங்கம்மா பேருலே! இதவிட ராசியான பேரு வேற என்ன இருக்கு? காரு தங்கமா மின்னும்னும் ஆச்சு. பெத்தவ பேருமாச்சு. ஊர்க்காரன் பாத்தாலும் நம்ம சொர்ணத்தக்கா மவன் வண்டின்னு தெரியும்லா” என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சொர்ணம் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மா வீட்டில்தான் என் அம்மா பதினாறு வருடம் பாத்திரம் தேய்த்தாள். பின்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாக வருவாள்.

மறுநாள் காலை கடை வாசலில் வைத்துப் பூஜை என்று அண்ணாச்சி பத்துப் பதினைந்து பேருக்குச் சொல்லியாகிவிட்டது. வண்டிக்குப் பூஜை என்று அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. வராதே என்று எந்த வாயால் சொல்வது? பெயரைப் பற்றியும் சொல்லவில்லை. தைரியம் இல்லை. துவைத்த துணி மூட்டையோடு அவள் மினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அறிவொளி வகுப்பில் படித்தவள் அவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வேனுக்கு எதிரே நின்று, உதடு அசைய அசைய வாசித்தாள். முதல் வரியை முடித்தவள், அடுத்த வரிக்குப் போகவில்லை.

அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “சொர்ணத்தக்கா வரலையாலே?”

“உடம்புக்குச் சொகமில்ல அண்ணாச்சி” என்றேன்.

“சரி, இந்தம்மா யாரு? துணி துவைக்க ஆளு போட்டிருக்கியா?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“ஆமா அண்ணாச்சி. வேலைக்கி வந்திருக்கேன்.”

அண்ணாச்சி அவளுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டு, பொங்கல் பொட்டலத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். பிறகு கேட்காமல் இருப்பாரா? “எந்த ஊரு நீ?” என்றார். “முத்தையாபுரம்” என்றாள். அதற்கு மேல் அவர் எப்படிக் கேட்டும் அவளிடம் இருந்து ஒன்றும் பெயரவில்லை. நான் அதே ஆளிடம் ஒரே நிமிடத்தில் தலையை ஆட்டியவன்.

வீட்டுக்குப் போகும்போது வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “பேரு நல்லாத்தான்யா இருக்கு” என்றாள். அவ்வளவுதான். மூன்று மாதம் அந்தப் பெயரோடு ஓட்டினேன். தொழில் நன்றாகப் போனது. நான்தான் கண்ணாடியில் பார்க்கச் சகிக்காத ஆளாக ஆகிவிட்டேன். வாடிக்கையாளர்கள் என்னைச் சொர்ணம் மகன் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “என் மேல கோவமாம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கென்னய்யா கோவம். நீ பொழைக்கணும்” என்றாள். கையில் இருந்த செம்பை நீட்டினாள். “இது ஏதுன்னு தெரியுமா? அவங்க பம்பாய் போற அன்னைக்குக் குடுத்தது. பதினாறு வருசம் அந்த வீட்டுல கெடந்தேன்யா. ஒரு நாளும் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘ஏளா’ம்பாங்க, அவ்வளவுதான். போறப்ப இதக் குடுத்தாங்க. இதுலயும் அவங்க பேருதான் வெட்டியிருக்கு, பாரு.”

கழுத்துப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக, சொர்ணம் என்று வெட்டியிருந்தது. வருடக்கணக்காக அந்தச் செம்பில் தண்ணீர் குடித்திருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மா அடுத்த துணியை எடுத்தாள். நான் அப்படியே எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மைலுக்குப் போனேன்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வேனில் முத்துப்பேச்சி என்று இருக்கிறது. அண்ணாச்சி யாரிடமும் போய் எதையும் சொல்லியிருக்க மாட்டார், அதை நான் நம்புகிறேன். பெயர் மாறியதே போதுமானதாக இருந்தது. “அது யாரு முத்துப்பேச்சி?” என்றார்கள். “எங்கம்மா” என்றேன். “அப்ப சொர்ணம்?” என்றார்கள். அடுத்த முறை கூப்பிடவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. “வேற ஆள் பாத்துட்டோம் தம்பி” என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். நாலைந்து வீடுகள் மட்டும் நின்றன. இன்றைக்கு என் பிழைப்பு பெரும்பாலும் துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்க்கிற வடநாட்டு அதிகாரிகளால் ஓடுகிறது. முத்துப்பேச்சிக்கும் சொர்ணத்துக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. என் பெயரையே அவர்களுக்குச் சரியாகச் சொல்ல வராது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

அன்றைக்கு அவர் கடையில் ரெக்ஸின் அளந்துகொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. நின்றபடியே சொன்னேன்.

“அண்ணாச்சி, நான் மேலத்தெரு செல்வராஜ் மவன் இல்ல. எங்கப்பா டிராக்டர் ஓட்டுனவரு. நாங்க கீழத்தெரு.”

சிரித்தார். “வெளையாடாதலே.”

“பூஜைக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்திருந்தா பாத்தியளா, அவதான் எங்கம்மா. பேரு முத்துப்பேச்சி.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அடிப்பாரோ, வெளியே போ என்பாரோ என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு இதுவரைக்கும் தப்புனதே இல்லையேலே” என்றார். நான் அவரை ஏமாற்றியதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கணக்குத் தப்பிப் போனதுதான் வலித்தது.

பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். எப்போதும் வைக்கிற அதே கை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி, விடு. ஒண்ணும் கெட்டுப்போகல. இப்ப எனக்கு மட்டுந்தான தெரியும்? நான் ஒருத்தன்ட்டயும் மூச்சு விடமாட்டேன். நல்ல தொழில்காரன்லே நீ. அந்தப் பேரே இருக்கட்டும், வாடிக்கை கெட்டுறாது. உங்கம்மாவ மட்டும் வண்டிப் பக்கம் கூட்டிட்டு வராத. சரியா?”

உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தட்டிவிடவில்லை. டாக்டர் வீடு, வக்கீல் வீடு, உப்பளக்காரர் வீடு என்று ஒவ்வொன்றாக எனக்குள் ஓடியது. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் நான் யோசித்தேன். அண்ணாச்சி மேல் இருக்கிற கோபம் என்றைக்காவது ஆறினாலும் ஆறும். அந்த ஒரு நிமிடத்துக்காக என் மேல் இருக்கிற கோபம் ஆறாது.

“ஹீட் கன் இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டேன். ஒட்டிய ஸ்டிக்கரைச் சூடு காட்டி இளக்கி எடுக்கிற கருவி அது.

அவருக்குப் புரிந்தது. உள்ளே போய் எடுத்து வந்தார். ஒயர் எட்டவில்லை என்று இன்னொரு ஒயரைத் தேடி எடுத்து, அவரே பிளக்கைச் செருகி, ரோட்டோரம் நின்ற வேன் வரைக்கும் இழுத்துக் கொடுத்தார். முதல் எழுத்தின் ஓரத்தில் சூடு காட்டி, நகத்தால் நெம்பினேன். மூன்று மாத வெயிலில் நன்றாகப் பிடித்திருந்தது.

“பாத்து எடுலே. அவசரப்பட்டா வண்டிப் பெயின்ட்டும் சேந்து வந்துரும்” என்றார் பின்னால் இருந்து.

“வந்தா வரட்டும் அண்ணாச்சி” என்றேன்.